புது சீட் உறை

நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில் குளவிக் கூடு கலைந்த அன்று, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நாலா பக்கமும் ஓடினார்கள். ரொஷானி தடுக்கி விழுந்தாள். முகம், கழுத்து, கை எல்லாம் கொட்டு. தேயிலைச் செடிக்கு அடியிலிருந்து நிமிர்ந்தபோது மேலே ரோட்டு வளைவில் கணவன் ஜெஸ்டினின் ஓட்டோ நின்றது. ஜெஸ்டின் அவளைப் பார்த்தான். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். கொழுந்து லொறிதான் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தது.

மறுநாள் ஜெஸ்டின் தோடம்பழத்தோடு வந்து, நர்சுமார் முன்னால் கட்டிலைப் பிடித்து அழுதான். "குடுத்து வச்சவ" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.

ஊருக்கு நல்லவன் அவன். வீட்டில் அவள் காய்ச்சலில் கிடந்தாலும், அழுதாலும், டிவி பார்ப்பதுபோல் பார்ப்பான். ஐந்து வருடமாக, குறை தன்னிடம்தான் என்று நினைத்திருந்தாள்.

வீடு திரும்பியும் தூக்கம் வராததால் பதுளை மனநல கிளினிக்குக்குப் போனாள். ஒருமுறை ஜெஸ்டினும் வந்து, சிரிக்கச் சிரிக்கப் பேசிவிட்டுப் போனான். அடுத்த தடவை டாக்டரம்மா அவளிடம் சொன்னார்:

"ஒரு தடவை பாத்துட்டு அவருக்கு இன்னதுதான்னு நான் சொல்ல மாட்டேன். ஆளுமைக் கோளாறு உள்ள எல்லாரும் ஒரே மாதிரியும் இல்ல. ஆனா சில பேருக்கு அடுத்தவங்க வலி நல்லாப் புரியும். உள்ள தைக்காது. அவரா வந்தா உதவி செய்யலாம். உங்களால அத மாத்த முடியாது."

அந்த வாரமே ரொஷானி தோட்டத்து லயத்து வீட்டை விட்டு பண்டாரவளைக்கு வந்து, றஷீதாவின் தையல் கடையில் சேர்ந்தாள். கடைக்குப் பின்னால் தங்க ஓர் அறையும் கிடைத்தது.

பத்தாம் நாள் ஜெஸ்டின் தன் தாய் பிரான்சிஸ்காவைக் கூட்டிக்கொண்டு வந்தான். டாக்டரம்மா சொன்னதை ரொஷானி கிளம்பும்போதே மாமியாரிடம் சொல்லியிருந்தாள்.

"நோயின்னா பாத்துக்கணும் புள்ள," என்றாள் பிரான்சிஸ்கா. "கால் ஒடஞ்சவன விட்டுட்டுப் போவியா?"

"கால் ஒடஞ்சா ஆஸ்பத்திரிக்குப் போவாங்க அத்தை. இவரு போகட்டும். நான் மருந்து இல்ல."

ஜெஸ்டின் கண்ணைத் துடைத்தான். துடைத்தபடியே றஷீதா பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தான். ரொஷானி மெஷினை நிறுத்தினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். குளவி கொட்டுன அன்னைக்கு நான் என்ன நெனச்சிருப்பேன்?"

அவன் யோசிக்கவே இல்லை. "பயந்திருப்ப. மூச்சு அடச்சிருக்கும். என்னையப் பாத்ததும் தப்பிச்சோம்னு நெனச்சிருப்ப."

"தெரிஞ்சும் ஏன் போனீங்க?"

"நீ வாந்தி எடுப்பல்ல? முந்தின நாள்தான் சீட்டுக்குப் புது உறை போட்டேன்."

சாதாரணமாகத்தான் சொன்னான். பிரான்சிஸ்கா மகனின் முகத்தையே பார்த்தாள்.

"என்னாம்மா?" என்றான் அவன். அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. ரொஷானிக்கு ஒரு நிமிடம் அவன்மேல் இரக்கம் வந்தது. இரக்கப்பட்டது தவறில்லை, அதற்காகத் திரும்பிப் போகத் தேவையும் இல்லை.

"நான் வரல," என்றாள். "இன்னைக்கும் இல்ல, நாளைக்கும் இல்ல."

பிரான்சிஸ்கா ஓட்டோவில் ஏறவில்லை. பஸ்ஸில் போனாள்.

ரொஷானியை 'மனசே இல்லாதவ' என்று ஜெஸ்டின் தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தான். கேள்விப்பட்ட றஷீதா, "கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் போவாத," என்றாள்.

"ஏன்க்கா? நான் ஒளியிற மாதிரி என்ன செஞ்சேன்?"

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் பிடித்து தோட்டத்து மாதா கோயில் பூசைக்குப் போனாள் ரொஷானி. கழுத்தில் குளவித் தழும்பு தெரிய, முன் வரிசையில் உட்கார்ந்தாள். பின்னால் பேச்சு எழுந்தது. அவள் திரும்பவில்லை. சற்று நேரத்தில் பிரான்சிஸ்கா வந்து, எல்லாரும் பார்க்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.