எழுந்திருக்கக் கூடாது

ஐஸ் பெட்டியின் ஒயர் ப்ளக் பாயிண்ட் வரை எட்டவில்லை. ஆண்டனியும் எதிர் ஃப்ளாட் வைஷாலியின் கணவரும் பெட்டியைத் தூக்கி டீவிப் பக்கமாக இரண்டடி நகர்த்தினார்கள். அதில் ராமநாதனின் தலை லேசாக இடதுபக்கம் சாய்ந்துகொண்டது. ஸ்ரீலக்ஷ்மி எழுந்து போய்ப் பெட்டியின் கண்ணாடிமேல் குனிந்து கணவனைப் பார்த்தாள். வலது புருவத்தில் இன்னும் கொஞ்சம் கேரம் பவுடர் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் துடைத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அவளும் ஈரத்துணியால் துடைத்தாள். அப்படியும் முழுக்கப் போகவில்லை.

"மூடியத் தொறக்கணுமா சிஸ்டர்?" என்றான் ஆண்டனி. போசரி கம்பெனியில் ராமநாதனோடு பதினோரு வருஷம் வேலை பார்த்தவன்.

"வேணாம். அவங்க அக்கா வரட்டும்."

ராமநாதனின் அக்கா அபயாம்பாள் வருவதற்காகத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். மயிலாடுதுறையிலிருந்து ராத்திரியே கார் எடுத்துச் சென்னைக்கு வந்து, காலை விமானம் பிடித்திருந்தாள். கொள்ளி வைக்கத் தன் மகன் ஜெயந்த்தையும் கூட அழைத்து வந்தாள். பன்னிரண்டு மணிக்குள் ஆகுர்டி வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஒரு மணிக்கு நிக்டி மயானத்தில் நேரம் வாங்கியிருந்தது.

சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் இருப்பது ஒரே கேள்வி. கேட்காமல் போனால் மரியாதை இல்லை. பதில் சொல்லாமல் இருந்தால் அது அதைவிட மரியாதைக் குறைவு. நேற்று சாயங்காலத்திலிருந்து ஸ்ரீலக்ஷ்மி அந்தக் கேள்விக்குத் தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் பதில் சொல்லி முடித்திருந்தாள்.

"மத்தியானம் சாப்பிட்டு கேரம் ஆடிக்கிட்டு இருந்தாங்க. அப்படியே போர்டு மேல சாஞ்சுட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். கேட்டவர்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். பிள்ளையோடு விளையாடிக்கொண்டே போய்விட்டார், வலி தெரியாமல் போய்விட்டார், கொடுத்து வைத்தவர் என்றார்கள். நாற்பத்தாறு வயதில் செத்துப்போகிறவனுக்கு யார் என்ன கொடுத்து வைத்தார்களோ தெரியவில்லை.

அவள் கவனம் வந்தவர்கள்மேல் இல்லை, அம்முமேல் இருந்தது. எட்டு வயது அம்மு படுக்கையறை வாசலில் சுவரை ஒட்டி நின்றுகொண்டு ஒவ்வொரு முறையும் அந்தப் பதிலைக் கேட்டாள். அதில் தன் பெயர் வருகிறதா என்று கவனித்தாள். வரவில்லை என்று தெரிந்த பிறகும் முகம் தளரவில்லை. அடுத்த ஆள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் மறுபடி விறைத்துக்கொண்டாள். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு ஒரு வாய் சாப்பிடவில்லை. அழவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேரம் என்பது அந்த வீட்டில் மூன்று வருஷப் பழக்கம். அந்தப் போர்டு, கம்பெனி ஆண்டு விழாவில் ராமநாதனுக்குப் பரிசாக வந்தது, வருஷம் முழுக்க லீவு போடாததற்காக. வேலையில் அவர் கண்ணுக்கு ஒரு மயிரிழை வித்தியாசம் தப்பாது என்று பெயர். ஆனால் கேரத்தில் பாக்கெட் வாயில் உட்கார்ந்திருக்கும் காயைத் தள்ளக்கூட அவருக்குத் துப்புக் கிடையாது. மகளிடம் தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் நைசாக நழுவிவிடுவார். ஒரு வாரம் சூப்பர்வைசரிடமிருந்து போன் வரும். ஒரு வாரம் வயிறு சரியில்லை. இன்னொரு வாரம் மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் வழிகிறது. அப்பாவும் மகளும் ஆட, ஸ்ரீலக்ஷ்மி பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரிப்பாள்.

போன மாதம் அம்மு ஒரு சட்டம் கொண்டுவந்தாள். கடைசிக் காய் விழும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் ரட்யா. பள்ளிக்கூடத்தில் மராத்திப் பிள்ளைகளிடம் பிடித்துக்கொண்டு வந்த வார்த்தை அது. தோற்றால் அழுதுகொண்டு ஓடுகிறவன்தான் ரட்யா.

நேற்று சிவப்புக் காயை அம்மு போட்டிருந்தாள். வெள்ளையில் இரண்டு காய்தான் பாக்கி. ராமநாதனின் கறுப்பு ஏழு கிடந்தது. அவர் ஸ்ட்ரைக்கரை வைத்துவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"என்னமோ அமுக்கற மாதிரி இருக்கு. கொஞ்சம் போய்ப் படுக்கறேன்."

"பஹானா. தோக்கப் போறீங்க, அதான் சாக்கு சொல்றீங்க. எழுந்தா ரட்யா." அம்மு ஓடிப்போய்ப் படுக்கையறைக் கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டாள்.

பாதி எழுந்த ராமநாதன் அப்படியே நின்று ஸ்ரீலக்ஷ்மியைப் பார்த்தார். அவள் சிரித்துவிட்டு அடுத்த பூண்டை எடுத்தாள். அந்தச் சிரிப்பை அவள் இனி எந்தக் காலத்திலும் மன்னிக்கப் போவதில்லை. அவரும் சிரித்தார். உட்கார்ந்தார். பிறகு இருபத்தைந்து நிமிஷம் ஆடினார். ஃபேனைக் கூட்டச் சொன்னார். சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டார். ஸ்ட்ரைக்கர் இரண்டு தடவை விரலிலிருந்து வழுக்கியது. மூன்றாவது தடவை குனிந்தவர் நிமிரவில்லை.

அம்மு கைதட்டினாள். "ஆக்டிங், ஆக்டிங். ரட்யா அப்பா." ஸ்ரீலக்ஷ்மி தோளைப் பிடித்துத் தூக்கி, பவுடர் அப்பிய அந்த முகத்தைப் பார்க்கும்வரை கைதட்டிக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரமாக வலி இருந்தது என்று டாக்டர் கேட்டார். அரை மணி என்றாள். அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், அவள் பக்கத்தில் நின்ற பிள்ளையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இந்தியில்தான் சொன்னார். அம்முவுக்குத் தமிழைவிட இந்தி நன்றாகப் புரியும்.

பதினோரு மணிக்கு அம்முவின் முகத்தைக் கழுவிவிட ஸ்ரீலக்ஷ்மி அவளைப் பாத்ரூமுக்குள் அழைத்துப் போனாள். கதவைச் சாத்தியதும் அம்மு கேட்டாள்.

"அத்தை கேட்டா என்ன சொல்றது?"

"நான் சொல்லிக்கறேன்."

"எல்லார்கிட்டயும் பாதிதான் சொல்றீங்க."

ஸ்ரீலக்ஷ்மி குழாயை மூடினாள். "மீதி யாருக்கும் வேணாம் கண்ணு. நீ ஒண்ணும் பண்ணல."

"நான்தான் கதவுல நின்னேன். டாக்டர் அங்கிள் அரை மணி சொன்னாரு. அந்த அரை மணி நான்தான்."

ஸ்ரீலக்ஷ்மி அவளைக் கட்டிப்பிடித்தாள். பிள்ளையின் உடம்பு கட்டையாக நின்றது. இது இப்படியே இறுகிப்போனால் இவளோடு எண்பது வயது வரைக்கும் வரும், கல்யாணத்தில் வரும், பிள்ளை பெறும்போது வரும் என்று ஸ்ரீலக்ஷ்மி நினைத்தாள். அவர் போனதைவிட அதுதான் அவளைப் பயமுறுத்தியது. நீ பண்ணவில்லை என்று ஆயிரம் தடவை சொன்னாலும் பலிக்காது. குழந்தைகளை ஏமாற்றலாம் என்று நினைப்பவர்கள் குழந்தை வளர்த்திருக்க மாட்டார்கள்.

அபயாம்பாள் பன்னிரண்டேகாலுக்கு வந்தாள். லிஃப்ட் கதவு திறந்தபோதே அழுகை கேட்டது. பெட்டிமேல் விழுந்து, "எந்தம்பி, நான் குளிப்பாட்டி வளத்த எந்தம்பி" என்று கண்ணாடியை அறைந்தாள். தன் பதின்மூன்று வயதில் தாயில்லாத தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்தவள். ஸ்ரீலக்ஷ்மியின் அம்மா அப்பா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனி அவளுக்குப் போக்கிடம் என்று ஒன்று இருந்தால் அது அபயம் அண்ணியின் வீடுதான். அண்ணியும் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "நான் இருக்கேண்டி, நான் பாத்துக்கறேன் உங்க ரெண்டு பேரையும்" என்றாள்.

அழுது ஓய்ந்ததும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "எப்படி ஆச்சு?"

கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். ஸ்ரீலக்ஷ்மி வழக்கமான பதிலைச் சொன்னாள். அபயாம்பாள் அதோடு விடுகிறவள் இல்லை.

"ஒண்ணுமே சொல்லாம எப்படி சாய்வான்? வலிக்குதுன்னு சொல்லியிருப்பான்ல? சின்னப் புள்ளையிலேருந்து அவனுக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட ஊருக்கே சொல்லுவான்."

படுக்கையறை வாசலில் அம்மு சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள். வாய் திறந்தது. "அத்தை, அப்பா எழுந்தாங்க..."

"ஆமா அண்ணி, எழுந்தாங்க," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி சத்தமாக. "நெஞ்ச அமுக்குது, போய்ப் படுக்கறேன்னு சொன்னாங்க. நான்தான் விடல. எப்பவும் தோக்கற நேரத்துல இப்படித்தான் ஏதாவது சொல்லிட்டு ஓடுவாங்க. நேத்தும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன். ஆட்டத்த முடிச்சுட்டுப் போங்கன்னு உக்கார வெச்சுட்டேன்."

ஆண்டனி தரையைப் பார்த்தான். தமிழ் தெரியாத வைஷாலி எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம்?" என்றாள் அபயாம்பாள்.

"அரை மணி இருக்கும்."

அபயாம்பாள் அவள் முதுகிலிருந்து கையை எடுத்தாள். "நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னவன அரை மணி நேரம் உக்கார வெச்சு வெளையாண்டியாடி?"

"ஆமா அண்ணி."

அபயாம்பாள் மடியிலிருந்து அவளை நகர்த்திவிட்டு எழுந்து போய் அம்முவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எட்டு வயதுப் பிள்ளை, கால் அத்தையின் முழங்கால் வரை தொங்கியது. அத்தையின் தோளுக்கு மேலாக அம்மு அம்மாவை நெடுநேரம் பார்த்தாள். பிறகு முகத்தை அத்தையின் கழுத்தில் புதைத்துக்கொண்டு, நேற்றிலிருந்து முதல் தடவையாக அழுதாள். ஸ்ரீலக்ஷ்மிக்கு மூச்சு வந்தது. அழட்டும், அழுதால் போதும் என்று இருந்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுத் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். வைஷாலி தன் வீட்டு அடுப்பில் சமைத்த சோறும் பருப்பும் கொண்டுவந்து வைத்தாள். அதற்குள் சேதி மயிலாடுதுறைக்குப் போய்விட்டிருந்தது. பால்கனியில் நின்று அபயாம்பாள் போனில் பேசுவது சமையலறை வரை கேட்டது. "அவதான் உக்கார வெச்சாளாம். அவ வாயாலயே சொன்னா." ஸ்ரீலக்ஷ்மி கேட்டுக்கொண்டே தட்டுகளைக் கழுவினாள். புகுந்த வீட்டுப் பக்கம் இனி எந்தக் கல்யாணம் காட்சிக்குப் போனாலும் இந்தப் பேச்சு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். போகட்டும் என்று நினைத்தாள். அவளுக்கு முதுகு இருக்கிறது, தாங்கும்.

நாலு மணிக்கு அம்முவின் வகுப்பு டீச்சர் சுஷ்மா வந்தாள். அபயாம்பாள் தரையில் உட்கார்ந்து அம்முவுக்குப் பருப்புச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அம்மு வாங்கிச் சாப்பிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு ஸ்ரீலக்ஷ்மி சமையலறை வாசலிலேயே நின்றாள்.

சுஷ்மா அம்முவின் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவி, மராத்தியில் மெதுவாகக் கேட்டாள். "எப்படி ஆச்சு கண்ணா?"

ஸ்ரீலக்ஷ்மி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மு சொல்ல ஆரம்பித்துவிட்டாள். மராத்தியில் அவளுக்கு வார்த்தை தடுக்காது. அபயாம்பாளுக்கு அந்த மொழி ஒரு சொல்லும் தெரியாது. அவள் அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நானும் அப்பாவும் கேரம் ஆடினோம் டீச்சர். அப்பா நெஞ்சு வலிக்குது, போய்ப் படுக்கறேன்னு சொன்னாங்க. அம்மா விடல. அம்மா ஓடிப்போய் பெட்ரூம் கதவுல சாஞ்சு, கைய இப்படி விரிச்சு நின்னுக்கிட்டாங்க." அம்மு எச்சில் வாயோடு இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "எழுந்தா ரட்யான்னு சொன்னாங்க. நான் சொன்னேன் டீச்சர், விடுங்கம்மா, பாவம் அப்பான்னு. அவங்க கேக்கல."

சுஷ்மா தலையைத் தூக்கி ஸ்ரீலக்ஷ்மியைப் பார்த்தாள். அம்முவும் பார்த்தாள். அந்தக் கண்ணில் பயம் இல்லை. காலையில் சுவரோரம் நின்ற பிள்ளையை அதில் தேடினாலும் கிடைக்காது. கோபம்தான் இருந்தது, நிஜமான கோபம்.

"ஆமா டீச்சர்," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி மராத்தியில். "நான்தான் நின்னேன்."

கிண்ணத்தில் இன்னும் பருப்பு இருந்தது. எடுத்துக்கொண்டு வந்து மகளுக்கு எதிரே மண்டியிட்டு, ஒரு கரண்டி ஊற்றப் போனாள். அம்மு தட்டை அத்தை பக்கம் நகர்த்திக்கொண்டாள்.