கணீரென்று ஒலித்த நீலத்தொட்டி

சந்திரலேகா விரல்முட்டியால் தொட்டியின் விளிம்புக்குக் கீழே ஒரு தட்டு தட்டினாள். கணீர் என்றது. அப்படியென்றால் உள்ளே மண் காய்ந்து கிடக்கிறது. ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். ஆனால் நேற்றும் கணீர் என்றுதான் கேட்டது, நேற்றும் ஊற்றத்தான் செய்தாள். செடியின் இலைகளோ ஈரத்துணி போலத் தொங்கின. கொடுக்கக் கொடுக்க வாடுகிற செடியை அவள் இதுவரை கண்டதில்லை.

அது சும்மா ஒரு செடியாக இருந்தால் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு வைத்திருப்பாள். அது கல்யாண முருங்கை. வைகாசியில் மகன் ராஜவேலுக்குக் கல்யாணம் நடந்தபோது, மணவறையில் அரசாணிக்காலோடு சேர்த்துக் கட்டிய கொம்பு. கல்யாணம் முடிந்ததும் அதை வீட்டில் நட வேண்டும். அது துளிர்த்தால் குடும்பம் துளிர்க்கும் என்பார்கள். ரயில்வே ஜங்ஷனுக்குப் பின்புறத் தெருவில் இருந்த அவர்கள் வீட்டைச் சுற்றிலும் சிமெண்டுத் தளம். அதனால் ஒரு மண்தொட்டியில் நட்டார்கள். மூன்றாவது வாரமே மூன்று மூன்று இலையாக விரித்துக்கொண்டு வந்துவிட்டது. மருமகள் கயல்விழி அதைப் படம் எடுத்து, பக்கத்துத் தாலுகாவில் மங்களூர் என்ற ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினாள்.

அந்த அம்மா கொளஞ்சியம்மாள்தான் சந்திரலேகாவின் இப்போதைய கவலை. ஜாதகம் அரைகுறையாகத்தான் பொருந்துகிறது என்று கடைசி வரை இழுத்தவர். பெண்ணின் பிடிவாதத்துக்காகச் சம்மதித்தவர். ஆடிச் சீரோடு பெண்ணை அழைத்துப்போக வெள்ளிக்கிழமை வருகிறார். வந்தால் முதலில் எங்கே பார்ப்பார் என்று சந்திரலேகாவுக்குத் தெரியும்.

அதற்காகத்தான் தொட்டியையே மாற்றினாள். பழைய மண்தொட்டியில் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாக அசிங்கமாக இருந்தது. அவள் வேலை செய்யும் செராமிக் கம்பெனியில், கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு ஓர் ஓரத்தில் வழிந்துவிட்டதால் ஒதுக்கிய நீலத்தொட்டி ஒன்று இருந்தது. கேட்டு வாங்கி வந்தாள். மயில் கழுத்து நிறம். அதில் வைத்த நாலாம் நாளே இலைகள் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன.

"வெயில் பத்தல. மாடிக்கு ஏத்து" என்றார் கணவர் தெய்வநாயகம்.

"நேத்துதான் வெயிலு அதிகம்னு கீழ எறக்கச் சொன்னீங்க."

"அது நேத்து. இன்னிக்கி பாத்தா பத்தாத மாதிரி இருக்குது."

மாடியில் வைத்தாள். ஆடிக்காற்று முன்கூட்டியே வந்து இரண்டு இலைகளைப் பறித்துக்கொண்டு போனது. மறுபடியும் இறக்கினாள். தட்டினாள். கணீர். ஊற்றினாள். கயல்விழி சமையலறை வாசலில் நின்று பார்த்தாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

இந்தத் தட்டுகிற பழக்கத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சூளையிலிருந்து இறங்கும் சரக்கைத் தரம் பிரிப்பதுதான் சந்திரலேகாவின் வேலை. கோப்பையோ ஜாடியோ, இடது கையில் தூக்கிப் பிடித்து வலது கை முட்டியால் ஒரு தட்டு. கணீர் என்றால் முழுசு. தொப்பென்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கோ இருக்கிறது, உடைசல் குவியலுக்குப் போக வேண்டியதுதான். கண் ஏமாறும், காது ஏமாறாது. அதே காதைத்தான் அவள் வீட்டுச் செடிகளுக்கும் பயன்படுத்தினாள். மண்தொட்டி தண்ணீரைக் குடிக்கும். மண் ஈரமாக இருக்கும்வரை தொட்டியின் சுவரும் ஈரத்தில் ஊறியிருக்கும். தட்டினால் தொப்பென்று கேட்கும். காய்ந்ததும் சுவரும் காய்ந்து கணீர் என்னும். செம்பருத்தி, துளசி, கறிவேப்பிலை எல்லாவற்றையும் இப்படித் தட்டித் தட்டித்தான் வளர்த்தாள். ஒன்றுகூடப் பட்டுப்போனதில்லை.

புதன்கிழமை டீ நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்துப் பக்கத்து மேசை அம்புஜவல்லி கேட்டாள். "என்னாடி, மருமவகிட்ட சண்டையா?"

"சண்டை போட்டாத்தான் பரவாயில்லியே. கொம்பு பட்டுப் போவுதுக்கா. தண்ணி ஊத்த ஊத்த வாடுது."

"ஊத்துறத நிறுத்திப் பாரேன்."

"காஞ்சி கிடக்குதுக்கா. தட்டினா கணீர்ங்குது."

"அப்போ உன் சம்பந்தியம்மா வரும்போது நீ மாடிக்கிப் போயி ஒளிஞ்சுக்க. செடியையும் கூடவே தூக்கிக்கிட்டுப் போயிடு." அம்புஜவல்லி தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு, விளிம்பு வரை டீ ஊற்றிய கோப்பையை அவள் முன்னால் வைத்தாள்.

கோப்பையைக் கண்டால் சந்திரலேகாவின் கை சும்மா இருக்காது. தட்டினாள்.

கணீர் என்றது.

அவள் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். உள்ளே டீ ததும்பி நிற்கிறது. ஆனாலும் கணீர் என்கிறது. இன்னொரு தட்டு. மறுபடியும் கணீர்.

"ஏன்க்கா, இது நெறைஞ்சிதான இருக்குது?"

"குடிச்சிட்டாடி குடுப்பேன் ஒனக்கு?"

கிளேஸ் என்பது கண்ணாடிதான். சூளைச் சூட்டில் உருகிச் சுவர் முழுக்கப் போர்வை போலப் படிந்துவிடும். ஒரு பொட்டுத் தண்ணீர்கூடச் சுவருக்குள் இறங்காது. இறங்காத சுவர் எப்படி ஈரமாகும்? உள்ளே கிணறே இருந்தாலும் அது கணீர் என்றுதானே சொல்லும்? இருபது வருடமாகக் கிளேஸ் பூசிய சரக்கைத் தட்டுகிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அது கம்பெனியில் தெரிந்தது. வீட்டுக் கொல்லையில் அவள் காதுக்கு வேறு பாடம். இரண்டு பாடமும் ஒரே தொட்டியில் வந்து மோதும் என்று அவள் நினைக்கவில்லை.

வேலை முடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமலே தொட்டியைச் சாய்த்து, செடியை மண்ணோடு வெளியே இழுத்தாள். மண் உதிரவில்லை. ஒரே கட்டியாக, தொட்டியின் வடிவத்திலேயே வந்தது. புளித்த வாடை அடித்தது. அடியில் இருந்த வேர்கள் பழுப்பாகி, தொட்டால் தோல் வழுக்கிக்கொண்டு போனது.

"எவ்ளோ தண்ணி! நான் ஒரு நாளைக்கி ஒரு சொம்புதானே ஊத்தினேன்" என்றாள்.

பின்னால் நின்றிருந்த கயல்விழி முந்தானை நுனியைத் திருகினாள். "நானும் ஊத்தினேன் அத்தை. காலைல நீங்க எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி. எல தொங்கவும் பயமாப் போச்சுங்க."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஒண்ணுமே பேசலியா, நான் மட்டும் எப்படிப் பேசுறதுன்னு..."

தெய்வநாயகம் தொண்டையைச் செருமினார். "சாயங்காலத்துல நானும் கொஞ்சம் ஊத்தினேன். கொஞ்சம்தான்."

மூன்று பேரும் மண்கட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கயல்விழிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சந்திரலேகாவுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று புரியவில்லை.

மண்கட்டியை உடைக்கப் பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. கட்டி உடையவில்லை. அவ்வளவு இறுக்கம். இறுக்கியவள் அவளேதான். தரம் பிரிக்க வருவதற்கு முன் பல வருடம் களிமண் பிசைந்தவள். களிமண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழி தங்கினாலும் சூளையில் சாமான் வெடித்துவிடும். அதனால் அடித்து, குத்தி, காற்றை எல்லாம் துரத்த வேண்டும். செடி மாற்றிய அன்றும் கை தானாக அதையே செய்தது. வேரிலிருந்த பழைய மண்ணைச் சுத்தமாகக் கழுவி எடுத்துவிட்டு, புது மண்ணை முஷ்டியால் குத்திக் குத்தி அடைத்தாள்.

நினைத்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. வேரைக் கழுவியபோது, தண்ணீரை உறிஞ்சுகிற மயிர்போன்ற நுனிகள் அறுந்திருக்கும். மிச்சமிருந்த வேருக்குக் காற்று இல்லை. வேரும் மூச்சு விடும். மண் துகளுக்கு இடையில் இருக்கிற சந்துதான் அதற்கு மூக்கு. அந்தச் சந்தில் முஷ்டி ஒரு பாதியை அடைத்தது, மூன்று சொம்பும் மறுபாதியை. மூச்சு முட்டிய வேரால் தண்ணீர் இழுக்க முடியாது. இலைக்குத் தண்ணீர் போகாது. அதனால்தான் தண்ணீருக்குள்ளேயே நின்றுகொண்டு செடி தாகத்தில் தொங்கியது. தாகத்தில் வாடினாலும் மூழ்கி வாடினாலும் இலை ஒரே மாதிரிதான் தொங்கும். பார்க்கிறவர்களுக்கு எது என்று எப்படித் தெரியும்?

பழைய மண்தொட்டியைத் தேடி எடுத்தார்கள். அடி ஓட்டையின் மேல் ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து வைத்தாள். அன்று ஒதுக்கி வைத்திருந்த பழைய மண்ணோடு ஆற்றுமணல் கலந்து, குத்தாமல், அள்ளிப் போட்டாள். அழுகிய வேரைக் கத்தரியால் நறுக்கினாள். கொம்பை நிறுத்தியதும் கை தானாக மண்ணை அழுத்தப் போனது. கயல்விழி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம்தான் சிக்கல். கொம்பில் பதினைந்து இலை போல மிச்சம் இருந்தது. இருக்கிற வேர் ஒரு பிடிகூட இல்லை. ஒரு பிடி வேர் அத்தனை இலைக்கும் தண்ணீர் ஏற்ற முடியாது. இலை காற்றில் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். ஏறாவிட்டால் கொம்பில் இருப்பதையும் உறிஞ்சிவிடும். கம்பெனியில் இன்னும் சுடாத பச்சைச் சாமான் காற்றடித்து வெடிக்காமல் இருக்க பாலித்தீன் போட்டு மூடுவார்கள். அதுபோல இதையும் மூடலாம். ஆனாலும் இலையைக் குறைத்தால்தான் தாங்கும்.

"பறிச்சிடணும்" என்றாள் சந்திரலேகா. சொல்லிவிட்டு அவளே பயந்தாள். "வேணாம். நாளான்னிக்கி ஒங்கம்மா வராங்க. வெறும் குச்சிய எப்படிக் காட்டுறது? அவங்க போனப்புறம் பறிச்சிக்கலாம்."

"அதுவரைக்கும் தாங்குமா அத்தை?"

"தெரியலடி."

"பறிச்சா பொழைக்குமா?"

"அதுவும் தெரியல."

கயல்விழி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து, உச்சியில் இரண்டு சின்ன இலையை விட்டுவிட்டு மற்றதை ஒவ்வொன்றாகக் கிள்ளினாள். "என் கல்யாணக் கொம்புதான. நானே பறிச்சேன்னு சொல்லிக்கறேன்."

வெள்ளிக்கிழமை கொளஞ்சியம்மாள் சீர்த்தட்டோடு ஆட்டோவிலிருந்து இறங்கினார். தட்டை உள்ளே வைத்ததும், நினைத்தது போலவே கொல்லைக்கு வந்தார். "நீலத்தொட்டின்னு போன்ல சொன்னாளே சம்பந்தி, எங்க?"

நீலத்தொட்டி குழாயடியில் காலியாகக் கிடந்தது. சுவரோர நிழலில், உப்புப் பூத்த பழைய தொட்டியில், பாலித்தீன் பை கவிழ்த்த ஒரு குச்சி நின்றது. உச்சியில் இருந்த இரண்டு இலையும் விழுந்திருந்தன.

கொளஞ்சியம்மாளின் முகம் மாறியது. "யாரு எலைய எல்லாம் உருவினது?"

"நான்தாம்மா" என்றாள் கயல்விழி.

"கல்யாணக் கொம்ப யாராச்சும் உருவுவாங்களாடி?"

"மொத தப்பு என்னுதுங்க சம்பந்தி." சந்திரலேகா ஒன்றுவிடாமல் சொன்னாள். டீக் கோப்பை, மூன்று சொம்பு, முஷ்டியால் குத்தியது, எல்லாம். சொல்லச் சொல்ல, கேட்கிறவருக்குப் புரிகிறதா என்று அவளுக்குப் புரியவில்லை.

கொளஞ்சியம்மாள் பையைத் தூக்கினார். கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினார். உள்ளே பச்சை.

"உசிரு இருக்குது" என்றார். "துளுக்குமா?"

"தெரியலைங்க."

அவர் இன்னும் கொஞ்சம் கீழே சுரண்டிப் பார்த்தார். அங்கேயும் பச்சை. எழுந்து, சுவரையும், பக்கத்து வீட்டுத் தென்னை காற்றில் ஆடுவதையும் மாறி மாறிப் பார்த்தார். "காத்து இப்படித்தான் வருது. இங்க வச்சா என்னாத்துக்கு ஆவும்? அந்தப் பக்கம் புடிங்க." இரண்டு சம்பந்திகளும் சேர்ந்து தொட்டியைத் தூக்கிப் படிக்கட்டின் அடியில் வைத்தார்கள்.

கயல்விழி மங்களூருக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்றிருந்தது. சந்திரலேகா தினமும் காலையில் தட்டினாள். தொப்பென்றது. கம்பெனியில் அந்தச் சத்தம் கேட்டால் தூக்கி எறிந்துவிடுவாள். இங்கே சொம்பைக் கீழே வைத்துவிட்டு நகர வேண்டியிருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. தெய்வநாயகம் கொல்லைப்பக்கம் வந்தாலே, "கைல என்னா சொம்பு?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள், கொம்பின் கணுவில் சின்னதாக ஏதோ புடைத்திருந்தது. முளையா? கல்யாண முருங்கையில் முள்ளும் அப்படித்தான் புடைத்துக்கொண்டு வரும். கண்ணை இடுக்கிப் பார்த்தாள். தெய்வநாயகம் முள் என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முளை என்றார். கழற்றிவிட்டு மறுபடியும் முள் என்றார்.

படம் எடுத்து மருமகளுக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. பேசியது கொளஞ்சியம்மாள்.

"மொளதான் சம்பந்தி. முள்ளா இருந்தா இவ்ளோ குண்டா வராது."

"நெசமாவாங்க?"

"நானும் படத்தப் பாத்ததும் எங்கூட்டு வேலியில இருக்குற கல்யாண முருங்கையப் போயிப் பாத்துட்டு வந்தேன்னா பாத்துக்குங்களேன்" என்றார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "எதுக்கும் இன்னும் கிட்டப் புடிச்சி ஒரு போட்டோ அனுப்புங்க. அத மட்டும் தட்டிப் பாத்துடாதீங்க."