தூக்கி மூடும் கதவு

எங்கள் தொழிற்சாலையில் எவனும் கார் கதவை வெறுமனே சாத்தியதில்லை. இடது கையால் அரை விரல் தூக்கி, இடுப்பால் ஓர் இடி. கீல் கொஞ்சம் தொங்கும். தூக்கினால்தான் பூட்டு கவ்வும். ஒரே வாரத்தில் எல்லோருக்கும் அது கைப்பழக்கமாகிவிட்டது. கடைசியாகக் கதவைச் சோதித்து முத்திரை குத்துகிறவன் நான். என் கைக்கு எல்லாக் கதவும் மூடின, எல்லாவற்றுக்கும் குத்தினேன். என்ன மூளையோ எனக்கு!

சொந்த நாட்டுக் கார் என்று சனங்கள் தலையில் தூக்கி வைத்து ஆடிய காலம் அது. பதிவு செய்துவிட்டு எட்டு மாதம் காத்திருந்தார்கள். எனக்கோ தலைகால் புரியவில்லை. என் பேச்சை நம்பி அக்காவும் அத்தானும் ஒன்று வாங்கினார்கள். கதவை எப்படி மூடுவது என்று சொல்லத் தோன்றவில்லை. மூச்சு விடுவதை யாராவது சொல்லிக்கொடுப்பார்களா?

மூன்றாம் மாதம், ஒரு வளைவில் கதவு திறந்து அக்கா சாலையில் விழுந்தாள். வலது முழங்கை நொறுங்கிப்போனது. நான் போய் அந்தக் கதவை, தூக்காமல், எல்லோரையும் போலச் சாத்திப் பார்த்தேன். 'டக்' என்றது. லேசாகத் தள்ளியதும் திறந்துகொண்டது.

தொழிற்சாலையிலிருந்து அதிகாரி படிவத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"கதவைச் சரியா மூடினீங்களாம்மா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தால் என் முத்திரை போகும், வேலை போகும். நான் தரையைப் பார்த்தேன்.

"இல்ல சார், நான்தான் சரியா மூடல."

"இவளுக்கு எப்பவுமே அவசரம்தான்" என்றார் அத்தான். 'வாடிக்கையாளரின் கவனக்குறைவு' என்று எழுதிக்கொண்டு அதிகாரி போய்விட்டார்.

அதன்பிறகு பதினோரு பேர் அதே மாதிரி விழுந்தார்கள். அதில் ஒரு குழந்தை எழுந்திருக்கவே இல்லை. மறுவருடம் தொழிற்சாலைக்குப் பூட்டு விழுந்தது. வெளிநாட்டுக்காரன் சதி என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

ஆறு வருடம் கழித்து, போன வாரம்தான் எனக்கு வாய் வந்தது. அக்கா இடது கையால் தடுமாறி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னைக்கு நீ சரியாத்தான் மூடினே."

"தெரியும். நீயே சொல்லுவேன்னுதான் உன்னைப் பார்த்தேன். நீ தலையைக் குனிஞ்சுட்டே. அப்புறம்தான் நான் பொய் சொன்னேன்."

கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்தக் குழந்தை செத்துப்போனதுலேருந்து எனக்குச் சோறே இறங்கலடா. உனக்கு இறங்குதா?"

எனக்கு இறங்கிக்கொண்டுதான் இருந்தது.