கூரையில் இல்லாத நான்கு திறப்புகள்

திறப்பு விழாவுக்கு வந்த கூட்டமெல்லாம் முன்கூடத்துக் கண்ணாடியைப் பார்த்து வாய் பிளந்துகொண்டிருக்க, லுட்மிலா பின்கட்டில் நின்று அண்ணாந்து பார்த்தாள். ஒரு ஓட்டைகூட இல்லாமல் கூரை மொழுமொழுவென்று மூடிக் கிடந்தது.

அமெரிக்காவின் ஒமாஹா நகரில், கார்க் கடைகள் நிறைந்த மோட்டார் தெருவில் அந்த வருஷம் எழுந்த கட்டடங்களில் அதுதான் பெரியது. முன்னால் கார் விற்கும் கூடம், பின்னால் பழுதுபார்க்கும் பட்டறை. வரைபடம் அவள் கையால் போட்டது. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் அவள். முகப்புச் சுவரில் பதிக்கும் வெள்ளை ஓடுகளை அவளுடைய அலுவலகத்தில் எவன் வேண்டுமானாலும் வரைந்திருப்பான். பட்டறைக் கூரையில் புகை போக நான்கு திறப்புகள் வைக்க அவளுக்குத்தான் தோன்றியது. குளிர்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டுதான் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிப்பார்கள். போன ஜனவரியில் பழைய பட்டறையில் வேலை செய்தபோது புகையில் மயங்கி விழுந்த அப்பா, பனியில் இழுத்துப் போட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

இன்று காலைதான் வரைபடத்தின் கடைசிப் பிரதி அவள் கண்ணில் பட்டது. நான்கு திறப்புகளையும் அடித்த சிவப்புக் கோடு. ஓரத்தில், 'தொழிலாளர் தரப்பில் ஆட்சேபம் இல்லை.' கீழே தம்பி ஓட்டகரின் கையெழுத்து.

விறைத்த காலரும் டையுமாக அவனே தேடிக்கொண்டு வந்தான். "இங்க என்னக்கா பண்றே? எல்லாரும் முன்னாடி இருக்காங்க."

"கழுத்துல பட்டை கட்டினா கண்ணு அவிஞ்சுபோயிடுமாடா?"

"மெதுவாப் பேசு. கூரைக்குச் செலவு பண்ணினா முகப்பு ஓட்டுக்குப் பத்தாதுன்னாரு முதலாளி. பட்டறை ஆளுங்க சார்பா ஒரு கையெழுத்து கேட்டாரு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான். மறுவாரமே பட்டறைலேருந்து கார் விக்கிற வேலைக்கு ஏறிட்டே. உன் முதல் வியாபாரமே அப்பாவோட மூச்சுதானே?"

பட்டறையில் நின்ற காருக்கு அடியிலிருந்து அப்பா வெளியே வந்தார். "அவனை வையாதேம்மா. எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் போட்டான். நான்தான் போடச் சொன்னேன்."

"எங்கிட்ட ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா விடுவியா நீ? படிச்சவ, மல்லுக்கு நிப்பே. ஒரு புள்ளையாவது கையில கிரீஸ் இல்லாம சம்பாதிக்கட்டும்."

அந்தக் கையெழுத்துக்குப் பிறகும் மூன்று மாதம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாப்பாட்டு மேசையில், 'புகை எப்படிம்மா மேல போகும்?' என்று இதே மனிதர் கேட்டார். உப்புக்குப்பியையும் கரண்டியையும் வைத்து அவள் விளக்கினாள். எல்லாம் தெரிந்துகொண்டே தலையாட்டிக் கேட்டிருக்கிறார். தம்பி செய்ததைவிட அந்தத் தலையாட்டல்தான் அவள் நெஞ்சை அறுத்தது.

"ஓட்டகர், பின்கதவைச் சாத்தச் சொல்லு! சீமாட்டிங்களுக்குக் குளிருதாம்!" கூடத்திலிருந்து குரல் வந்தது. அவன் காலரைச் சரிசெய்துகொண்டு நகர்ந்தான். அப்பாவே போய்ப் பெரிய கதவை இழுத்து மூடினார். லுட்மிலா அதை ஒரு சாண் திறந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் காலால் தள்ளிச் சாத்திவிட்டு, குனிந்து, காரின் முன்னால் இருந்த கைப்பிடியைச் சுற்றி இன்ஜினைக் கிளப்பினார்.

நீலப்புகை நேராக மேலே ஏறியது. கூரைச் சுண்ணாம்பில் முட்டி நின்றது. நாலாபுறமும் தட்டையாகப் பரந்து, பிறகு மெல்ல, அப்பாவின் தொப்பியை நோக்கி இறங்கத் தொடங்கியது.