நம்ம தையல் குடும்பம்

அண்ணன் செய்த காரியம் காலையில் கடைக்குள் நுழையும்போதே வாலுவுக்குத் தெரிந்துவிட்டது. கைப்பைக்குள் ஃபோன் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தால் புதிதாக ஒரு குரூப், பெயர் 'நம்ம தையல் குடும்பம்'. கடையின் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். அவள் ஆறு மாதமாகப் பார்த்துப் பார்த்து எடுத்த வீடியோக்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அதில் கொட்டிக் கிடந்தன. நடுநடுவே அண்ணன் போட்ட ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வேறு.

வாலு என்பது வீட்டில் வைத்த பெயர். வயது முப்பதைத் தாண்டியும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. தையல் மெஷின் விற்று, பழுதும் பார்க்கிற கடை அவர்களுடையது. இப்போதெல்லாம் ஜனங்கள் படுத்த இடத்திலிருந்தே ஃபோனில் மெஷின் வாங்கிவிடுகிறார்கள். அது மக்கர் பண்ணினால்தான் கடை ஞாபகத்துக்கு வருகிறது. அதற்கு முன்பே ஞாபகத்துக்கு வருவோமே என்றுதான், சின்னச் சின்னப் பழுதைத் தாங்களே சரிசெய்துகொள்ள வீடியோ எடுக்க ஆரம்பித்தாள். எடுப்பதில் பெரிய பாடு இல்லை. எதை யார் கண்ணில் காட்டுவது என்பதில்தான் இருந்தது பாடெல்லாம். நூல் அறுந்து அவதிப்படுகிறவருக்கு நூல் வீடியோ போக வேண்டும். துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷினே இல்லாதவருக்கு அதைப் பற்றிய வீடியோ போனால் எரிச்சல்தான் மிச்சம். புதிதாகக் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு, தேடினால் கிடைக்கிற மாதிரி பொதுவில் போட வேண்டும்.

இதற்காகத் தையற்காரர்களைத் தேடித் தேடிப் போனாள். வேலை மும்முரத்தில் இருந்தவர்களிடம் கெஞ்சாத குறையாகப் பேசி, என்ன மெஷின், என்ன தொல்லை என்று கேட்டு, எண் வாங்கினாள். "மாசத்துக்கு ஒண்ணுதான்க்கா வரும். உங்க மெஷினுக்கு உள்ளது மட்டும்தான். உங்க நம்பர் வேற யார் கண்ணுலயும் படாது" என்று வாக்குக் கொடுத்தாள். அந்த வாக்குதான் இப்போது சந்தி சிரித்துக்கொண்டிருந்தது.

"என்னண்ணா இது?"

கல்லாவில் இருந்த அண்ணன் பூரிப்போடு நிமிர்ந்தான். "பாத்தியா? யாருக்கு எது, எப்பன்னு நீ கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமா போட்டுக்கிட்டே இருந்தே. நான் ஒரே அடியா முடிச்சிட்டேன். எல்லாருக்கும் எல்லாம் போயாச்சு!"

"வாசலுக்கு வாசல் நோட்டீஸ் வீசிட்டுப் போறதா இது? அவங்க நம்பரெல்லாம் இப்ப ஊருக்கே தெரியுதே!"

"தெரிஞ்சா என்ன? எல்லாம் ஒரே தொழில்காரங்க. பழகிக்கட்டும்."

சுவரோடு பேசியிருந்தாலும் சுவர் கொஞ்சம் யோசித்திருக்கும். கூட்டம் இருந்தால்தான் களைகட்டும் என்று சொந்தக்காரர்களையும் அவன் சேர்த்திருந்தான். அதில் அண்ணியின் தம்பியும் இருந்தான். அவனும் மெஷின் வியாபாரி. வந்ததும் வராததுமாக, 'இதே மெஷின் நம்மகிட்ட விலை கம்மி, வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம்' என்று போட்டுவிட்டான். பெரியப்பா அதற்கும் ஒரு கைதட்டு போட்டார்.

வெளியேறினார், வெளியேறினார் என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. மதியத்துக்குள் குரூப் காலியாகிவிட்டது.

"இன்னும் கொஞ்சம் பேர் இருக்காங்க, பாரு" என்றான் அண்ணன்.

பார்த்தாள். பெரியப்பா, அத்தை, அண்ணியின் தம்பி, அண்ணியின் சித்தி. அவர்களில் அந்தத் தம்பியைத் தவிர ஒருவருக்கும் ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது.

அப்போதுதான் பள்ளிச் சீருடை தைக்கிற அக்கா கூப்பிட்டாள். முதன்முதலில் நம்பி எண் கொடுத்தவள் அவள்தான்.

"உன் முகத்துக்காகத்தாம்மா நம்பர் குடுத்தேன். எவனோ ஒருத்தன் காலையிலேருந்து எனக்குத் தனியா ஹாய் ஹாய்னு அனுப்பிக்கிட்டே இருக்கான். என் வீட்டுக்காரர் யார் அதுன்னு கேக்குறார். நான் என்னன்னு சொல்லட்டும்?"

"மன்னிச்சிடுங்கக்கா... நான் அதை..."

"நீ நல்ல பொண்ணுதான். ஆனா உன்கிட்ட குடுத்தது உன்கிட்ட நிக்கலையே." ஃபோனை வைத்துவிட்டாள்.

கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது வாலுவுக்கு. ஆத்திரத்தில் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அண்ணன் சமாதானம் சொல்ல வந்துவிடுவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் அவன் வந்தான்.

"சரி விடு, தப்புதான். குரூப்பைக் கலைச்சிடுறேன். நம்பரெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குல்ல? அவங்க கோவம் தணிஞ்சதும் தனித்தனியா அனுப்பிக்கலாம். நீ சொன்ன மாதிரியே, யாருக்கு எதுவோ அது மட்டும்."

ஆறு மாதமாக அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டது இப்போதுதான் அவன் மண்டையில் ஏறியிருந்தது. ஒரு கணம் அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் பொறுத்தால் யாருக்கும் நினைவிருக்காது. வீடியோக்கள் போகும், வியாபாரமும் வரும். அக்காவுக்கும் ஒன்று போகும். அந்த நினைப்பே அவளுக்குக் கூசியது.

"அது கடைக்குக் குடுத்த நம்பர் இல்லண்ணா. என்னை நம்பி எனக்குக் குடுத்தது" என்றவள், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அத்தனை எண்களையும் அழித்தாள்.

அண்ணன் பதறிக்கொண்டு ஓடிவந்தான். "அடிப்பாவி! ஆறு மாச உழைப்பாச்சேடி!"

சீருடை அக்கா கடைக்கு நேரிலேயே போவது என்று கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள் வாலு.

"அது உழைப்புன்னு இன்னைக்காவது உன் வாயால வந்துச்சே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.