உப்பளத்தையும் சேர்த்த சராசரி

எங்கள் ஊர்ப்பக்கத்து அணு உலையில் விபத்து நடந்த நான்காம் நாள், தேரிவிளையை வரைபடத்தில் பச்சையாக்கியது நான்தான். பச்சை என்றால் காலி செய்ய வேண்டாம். கல்கத்தா சால்ட் லேக்கில், வரைபட அலுவலகத்தின் ஏழாம் மாடியில் உட்கார்ந்து அதைச் செய்தேன்.

முதல் நாள் காலி செய்ய வேண்டிய இடம் என்று உலையைச் சுற்றி வட்டம் போட்டார்கள். காற்று திரும்பியதும் வட்டம் உதவவில்லை. பிறகு ஜீப்பில் கருவி வைத்துக் கதிர்வீச்சை அளந்தார்கள். அளவு வரைபடத்தில் கட்டம் கட்டமாக வரும். அரசு ஆணையோ ஊர்ப் பெயருக்குத்தான் போட முடியும். அதனால் ஊரின் எல்லாக் கட்டங்களுக்கும் சராசரி. வரம்பைத் தாண்டினால் சிவப்பு. விபத்து ஒத்திகைக்காக இரண்டு வருடம் முன்பு அந்த விதியை எழுதியவன் நான்.

தேரிவிளையில் பாதிக்குமேல் உப்பளம். அங்கே வீடே இல்லை, அளவும் குறைவு. ஜனங்கள் இருக்கும் கிழக்குத் தெருவில் வரம்பைவிட இரு மடங்கு. சராசரி வரம்புக்குக் கீழே நின்றது.

கிழக்குத் தெருவில் என் அக்கா ரோஹிணி இருக்கிறாள்.

மேலாளர் வெங்கடநாராயணனிடம் போனேன். கல்கத்தா டாலிகஞ்சிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்.

"வீடு இருக்கற கட்டத்தை மட்டும் எடுத்தா சிவப்பு வருது சார்."

"அப்படி எடுத்தா இன்னும் நாப்பது ஊர் சிவப்பாகும். அத்தனை பஸ் இருக்கோ? பஸ்ஸைப் பாத்துதான்டா வரம்பையே வெச்சிருக்கா. கமிட்டி அடுத்த வாரம் கூடறது, எழுதிக் குடு. போய் சா குடி."

அக்காவைக் கூப்பிட்டேன்.

"இப்பவே கிளம்பிரு அக்கா."

"எங்கல கிளம்ப? லிஸ்ட்டுல நம்ம ஊரு இல்லையே. உங்க அத்தான் லீவு கேட்டாவ. பச்சை ஊர்ல லைன்மேன் ட்யூட்டிக்கு வரலைன்னா சஸ்பெண்டாம்."

"நீயாவது வா."

"அவுகள விட்டுட்டா? நல்லா சொன்ன போ."

"அந்தப் பச்சை தப்புக்கா."

"நீ போட்டதுதானல. கல்கத்தாவுல எந்தம்பிதான் மேப்பு போடுதான்னு ஊர் பூரா சொல்லி வச்சிருக்கேன். பக்கத்து வீட்டு சுந்தரவல்லி மூட்டை கட்டிட்டா. நான்தான் நிப்பாட்டுனேன்."

விதியைச் சொன்னேன். உப்பளத்தைச் சொன்னேன்.

"மாடியில துணி காயப் போட்டிருக்கேன், அந்தக் காத்துலதான்" என்றாள். "எடுத்து உள்ள போட்டுரட்டா?"

"போட்டுரு" என்றேன்.