கல்லறை மேல் இரண்டு கேடயங்கள்

துப்பாக்கிக் கட்டையால் கதவை இடித்தார்கள். கூடத்தில் தொங்கிய கண்ணாடி விளக்கு கிணுகிணுத்தது. காய்ச்சலில் கிடந்த சிதோனி போர்வையை உதறிவிட்டு எழுந்து, தள்ளாடித் தள்ளாடிப் படி இறங்கினாள். அதற்குள் அவள் கணவன் கஸ்பார் கதவைத் திறந்துவிட்டிருந்தான். அவன் தொப்பியில் பிரெஞ்சுப் புரட்சியின் மூவர்ணப் பட்டை பளிச்சென்று இருந்தது.

முதலில் நுழைந்தவன் மர்த்தோ. போன வருடம் வரை இந்த மாளிகையின் பின்வாசலில் ரொட்டி கொண்டுவந்து போட்டவன். இன்று நெவேர் நகரக் கண்காணிப்புக் குழுவின் தலைவன். பின்னால் இரண்டு சிப்பாய்கள்.

"உட்காருங்க, மர்த்தோ" என்றாள் சிதோனி. பயத்தில் வந்த மரியாதை அது.

"'ங்க' எல்லாம் ராஜா தலையோட போச்சு, குடிமகளே. 'உட்காரு'ன்னே சொல்லு. எனக்கும் ஆரம்பத்துல உன்னை 'நீ'ன்னு கூப்பிட நாக்கு கூசத்தான் செஞ்சுது. பழகிடும்."

குலச் சின்னங்களைத் தேடி வந்திருந்தார்கள். பிரபு வம்சத்துச் சின்னம் எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது என்பது சட்டம். கஸ்பார் வண்டிக் கதவைச் சுரண்டிவிட்டான், வெள்ளிக் கரண்டிகளை உருக்கிவிட்டான், கூரை மேல் சின்னத்தோடு நின்ற காற்றுத் திசைகாட்டியைக்கூட இறக்கிவிட்டான். மிச்சம் கூடத்துப் படம் ஒன்றுதான்.

சிதோனியின் கல்யாணத்துக்காக அவள் அப்பா எழுதச் சொன்ன படம் அது. ரோமாபுரிப் பக்கத்து மலை, ஏரி, ஆடு மேய்ப்பவர்கள். முன்னால் ஒரு பழங்காலக் கல்லறை. அதில் செதுக்கினாற்போல அருகருகே இரண்டு கேடயங்கள். இடப்புறம் கஸ்பார் வம்சத்தின் காட்டுப்பன்றி, வலப்புறம் சிதோனி வம்சத்தின் மூன்று கோபுரங்கள். கல்யாணப் படத்தில் கல்லறை எதற்கு என்று அன்று அத்தை முகம் சுளித்தபோது, இப்போது அதுதான் நாகரிகம் என்று அப்பா சிரித்தார்.

ஓவியர் லுபேயைக் கூப்பிட்டு இரண்டு கேடயங்கள் மேலும் செடி எழுதி மூடச் சொல்லும்படி சிதோனி கஸ்பாரிடம் கெஞ்சியிருந்தாள். அவளுடைய தம்பி எல்லை தாண்டி ஓடி, எதிரிப் படையில் சேர்ந்துவிட்டான். அவனுக்கும் அதே மூன்று கோபுரங்கள்தான் முத்திரை. துரோகியின் சின்னத்தைக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறாள் என்றால் சிறை. அங்கிருந்து பாரிஸுக்கு வண்டி. அந்த வண்டியில் ஏறியவர்கள் யாரும் திரும்பியதில்லை. வேலை முடிந்துவிட்டது என்று கஸ்பார் மாடிக்கு வந்து சொன்னான். படுக்கையில் கிடந்தவள் இறங்கிப் பார்க்கவில்லை.

மர்த்தோ படத்தின் மேலிருந்த துணியைப் பிடித்து இழுத்தான்.

இடப்புறம் அடர்ந்த அரளிப் புதர். வலப்புறம் மூன்று கோபுரங்கள், கழுவி வைத்தாற்போல.

சிதோனி படத்தருகே போய்ப் பார்த்தாள். லுபே பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்! மர்த்தோ கத்தியை உருவிக்கொண்டு அரளிப் புதரை மோந்து பார்த்தான். எண்ணெய் வர்ணம் இன்னும் காயவில்லை.

"இந்தப் புதருக்குள்ள என்ன படுத்திருக்குன்னு சுரண்டிப் பாப்போமா?"

கஸ்பார் குனிந்து கணப்படுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவன் முதுகைப் பார்த்தாள் சிதோனி. ஒரு வீட்டில் இரண்டு தலை போக வேண்டாம் என்று தோன்றியது.

"சுரண்ட வேண்டாம். படம் எங்க அப்பா கொடுத்தது. கோபுரம் எங்க வீட்டுச் சின்னம். அழிக்க மனசு வரலை, நான்தான் விட்டு வெச்சேன். இவருக்கு ஒண்ணும் தெரியாது."

கத்தி உறைக்குள் போனது. குழுவுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது; கிடைத்துவிட்டது.

கஸ்பார் மெல்லத் திரும்பினான். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, சிதோனி?" என்றான். குரல் உடைந்திருந்தது. எவ்வளவு நன்றாக நடிக்கிறார் என்று அவள் மனதுக்குள் மெச்சினாள். மெச்சிக்கொண்டேதான் சிறைக்குப் போகும் வண்டியில் ஏறினாள்.

கன்னிமாடத்தைச் சிறையாக்கியிருந்தார்கள். அதன் வாசல் வளைவுக்கு மூவர்ணம் பூசிக்கொண்டு ஏணி மேல் நின்றவர் லுபே. பிரபுக்களுக்குப் படம் எழுதியவருக்கு இப்போது அந்த வேலைதான் கிடைத்தது. அவளைப் பார்த்ததும் இறங்கி வந்து தொப்பியைக் கழற்றினார். சிப்பாய் காவற்காரனோடு பேசப் போயிருந்தான்.

சிதோனி அவரைக் கடிந்துகொள்ளவில்லை. வர்ணம் தீர்ந்துவிட்டதா, வெளிச்சம் போய்விட்டதா, ஏன் பாதியில் விட்டீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

லுபே குரலைத் தாழ்த்தினார்.

"வர்ணமும் இருந்துச்சு, வெளிச்சமும் இருந்துச்சும்மா. ரெண்டாவதையும் மூடிடறேன்னுதான் சொன்னேன். 'அது அப்படியே கிடக்கட்டும், வர்றவங்க வெறுங்கையோட திரும்பக் கூடாது'ன்னு உங்க வீட்டுக்காரர்தான் தடுத்துட்டார்."